மாமனார் பாஸ் பண்ணின நாலு ராடு

அந்தக் கார் ஓடும்போது கூடப் பரவாயில்லை. நிற்கும்போதுதான் ஆட்டம் தாங்காது. சிக்னலில் நின்றால் போதும், ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடி நடுங்கும், முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமியாரின் கன்னம் நடுங்கும். பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்பவர்கள் எட்டிப் பார்த்து, "உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். ஒரு நாள் மாமியார் நடுரோட்டில் கதவைத் திறந்து இறங்கி, "என் எலும்பு எனக்கு இன்னும் கொஞ்ச காலத்துக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, மிச்ச தூரத்தை நடந்தே போனார். அன்றிலிருந்து மாமனார் தனியாகக் காரில் போவார், மாமியார் பின்னாலேயே பஸ்ஸில் வருவார். பல நாள் பஸ்தான் முதலில் வந்து சேரும்.

அந்தக் காரின் இஞ்சின்தான் இப்போது மருமகனுடைய ஷெட்டில் பிரித்துப் போட்டபடி கிடந்தது.

மாமனார் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் எடைக்கல்லில் முத்திரை குத்துவது அவர் வேலை. அவர் தெருமுனையில் திரும்பினாலே மார்க்கெட்டில் அத்தனை பேரும் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். 'முத்திரை வர்றாரு' என்றுதான் அவருக்குப் பேர். வேலை முடிந்துவிட்டதே தவிர, கை சும்மா இருக்கவில்லை. காய்கறி வாங்கி வந்தால் வீட்டில் மறுபடியும் நிறுப்பார். டாக்டர் எடை பார்க்க மெஷினில் ஏறச் சொன்னால், ஏறுவதற்கு முன்னால் குனிந்து அதன் அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்.

மருமகன் கம்பெனி ஒர்க்‌ஷாப் வேலையை விட்டதில் அவருக்குத் துளியும் சம்மதம் இல்லை. சட்டைப் பையில் பேர் தைத்த யூனிஃபார்ம், மாதம் பிறந்தால் சம்பளம், மத்தியானம் சாப்பாட்டு மணி என்று இருந்தவர் எல்லாவற்றையும் உதறிவிட்டு, தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தால் எந்த மாமனாருக்குத்தான் வயிறு எரியாது?

"சுத்தி வளைக்காம சொல்றேன் மாப்பிள்ளை," என்றார் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில். "என் வண்டியை எடுத்துக்குங்க. இஞ்சினை இறக்கிப் பாருங்க. நடுக்கம் நின்னுச்சுன்னா ஷெட்டு இருக்கட்டும், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நிக்கலைன்னா பழைய இடத்துக்கே போயிடுங்க. அந்த மேனேஜர்கிட்ட பேசிட்டேன். உங்க நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம்."

"மெக்கானிக்குக்கு ஏது மாமா நாற்காலி?"

"ஸ்பேனர் காலியா இருக்காம். போதுமா?"

மருமகன் பதில் யோசிப்பதற்குள், கேக் செய்து விற்கிற அவர் மனைவி சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்து, "நடுங்காதுப்பா. பந்தயம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என் தலையை வச்சா பந்தயம் கட்டுவே?" என்று மருமகன் அவள் பின்னாலேயே போய்க் கேட்டார்.

"வேற யார் தலையை வைக்கிறது? எனக்கு இஞ்சின் வேலை தெரியாதே."

இப்படித்தான் அந்த இஞ்சின் ஷெட்டுக்கு வந்தது.

பிரித்துப் பார்த்ததுமே நடுக்கத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நாலு சிலிண்டர் இஞ்சின். நாலு பிஸ்டன். ஒவ்வொரு பிஸ்டனையும் கீழே சுற்றுகிற கிராங்கோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு கனெக்டிங் ராடு. ஒரு சாண் நீளம் இருக்கும். ஒரு முனையில் சின்ன வளையம், மறுமுனையில் பெரிய வளையம். நாலும் ஒரே எடையில் இருந்தால் இஞ்சின் அது பாட்டுக்கு ஓடும். ஒன்று மட்டும் கனத்தால், மேலும் கீழும் போய் வரும் ஒவ்வொரு தடவையும் அது மொத்த இஞ்சினையும் பிடித்து உலுக்கும். இந்த இஞ்சினில் மூன்று ராடு ஒரே ஜாடை. மூன்றாம் சிலிண்டரில் இருந்தது மட்டும் தடித்த கழுத்தும் தூக்கிய தோளுமாக, வேறு எந்த இஞ்சினிலிருந்தோ வந்து ஒண்டிக்கொண்டது. முன்னால் வேலை பார்த்த புண்ணியவான் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டிருக்கிறான்.

அதே ஜாடையில் இன்னொரு ராடு தேடி மருமகன் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். எங்கேயும் இல்லை. அந்த மாடல் காரை மாமனாரைத் தவிர எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். இனி ஒரே வழி, கனத்ததைத் தேய்த்து மற்றதோடு சமமாக்குவது. ராடின் இரண்டு முனையிலும் அதற்கென்றே கொஞ்சம் கூடுதல் சதை விட்டிருப்பார்கள். அங்கே தேய்க்கலாம். ஆனால் தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒன்று லேசாகிவிட்டால் மற்ற மூன்றையும் அதன் அளவுக்கு இறக்கியாக வேண்டும்.

எடை பார்க்க மனைவியின் கேக் தராசைக் கேட்டார். எண் ஒளிரும் எலக்ட்ரானிக் தராசு. ஒரு சிட்டிகை உப்பைக் கூடக் காட்டிக் கொடுக்கும்.

"கிரீஸ் பட்டுச்சு, அப்புறம் உங்களுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது," என்று சொல்லி, அவள் அதைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை ஆர்டர் இருக்கு. அதுக்குள்ள வந்து எடுத்துக்குவேன்."

ராடு தராசின் மேல் சரியாக உட்காரவில்லை என்று அவளுடைய அகலமான கேக் தட்டையும் மேலே வைத்தார் மருமகன். தகரக் கூரையின் கீழே வெயில் கொளுத்தியது. பக்கத்தில் நின்றபடி தலையாட்டும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ராடை வைத்தார், தராசு காட்டிய எண்ணை சாக்பீஸால் சுவரில் எழுதினார். இரண்டாவது கொஞ்சம் கனம். கிரைண்டரில் காட்டினார். சரியாக வந்தது. சந்தேகத்துக்கு முதல் ராடைத் திரும்ப வைத்தால், அது கூடியிருந்தது. கை படாத இரும்பு எப்படிக் கூடும்? அதையும் லேசாகத் தேய்த்தார். இப்போது இரண்டாவது கூடியிருந்தது. அதைத் தேய்த்தால் முதலாவது குறைந்திருந்தது. மூன்றாவது ஏற்கனவே வேற்று ஆள். அது இஷ்டத்துக்கு எண் சொன்னது. சுவர் நிறைந்தது. கனெக்டிங் ராடு எல்லாம் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறதோ என்று மருமகனுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, சுவர்ல என்ன கிறுக்கி வச்சிருக்கீங்க?"

மாமனார் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டியிருந்தார். மார்க்கெட்டில் கடை வாசலில் இப்படித்தான் நிற்பாராம்.

"எடை மாமா. ஒரு தடவை வந்த மாதிரி மறு தடவை வர மாட்டேங்குது. தராசுல கோளாறு போல."

மாமனார் தராசைப் பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்தார். ஃபேன் சுவர்ப் பக்கம் திரும்பியது, எண் நின்றது. இந்தப் பக்கம் திரும்பியது. கேக் தட்டு காற்றை வாங்கியது. எண் மேலே ஏறியது. அந்தப் பக்கம் போனது, இறங்கியது.

"இஞ்சினுக்குள்ள ஃபேன் இருக்கா?"

"இல்ல மாமா."

"அப்போ காத்தை எதுக்குச் சேர்த்து நிறுக்கிறீங்க?"

ஃபேனை அணைத்துவிட்டு, கீழே கிடந்த ஒரு பேரிங் குண்டை எடுத்து மேஜையில் வைத்தார். அது ஒரு நொடி யோசித்துவிட்டு, உருண்டு போய் வாசலில் விழுந்தது.

"மேஜையும் சரிவு," என்றார் மாமனார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை மருமகன் கேட்டதே இல்லை.

மருமகனின் முகம் தொங்கிப் போனது. இஞ்சின் வேலை தெரிந்த மனிதர் காலையிலிருந்து காற்றைத் துரத்தி இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல வேளையாக எந்த ராடிலும் அடியோடு சதை போகவில்லை. ஆனால் ஷெட்டில் ராஜ்யம் மாறிவிட்டது. மறுநாள் காலையில் மாமனார் துணிப்பையில் தன் சொந்தத் தராசோடு வந்தார். பித்தளைத் தட்டு இரண்டு, நடுவில் முள், சின்னதிலிருந்து பெரியது வரை எடைக்கல் அடுக்கிய மரப்பெட்டி. கூரைக் குழாயில் தராசைத் தொங்கவிட்டார். மேஜைக் கால் ஒன்றின் கீழ் அட்டை சொருகினார். எண் ஒளிரும் தராசை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"பேட்டரியில ஓடுற தராசு, பேட்டரி சொல்றதைத்தான் கேட்கும்," என்றார்.

உள்ளதைச் சொன்னால், வேலை நன்றாகத்தான் ஓடியது. மருமகன் தேய்ப்பார், துடைப்பார், தட்டில் வைப்பார். மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். "இன்னும் ஒரு கடுகு." தேய்ப்பார். "அரைக் கடுகு." திரும்பத் தேய்ப்பார். நடுவில் மாமனாருக்கு ஒரு குறுக்கு யோசனை வந்தது. ராடின் பெரிய வளையம் இரண்டு பாதியாகப் பிரியும். கீழ்ப்பாதி தனி மூடி.

"இதோட மூடியைக் கழட்டி அதுக்குப் போட்டா தேய்க்காமலே சமம் ஆயிடுமே?"

"மூடியை மாத்தக் கூடாது மாமா. ராடும் மூடியும் ஒண்ணாச் சேர்த்து வச்சுத்தான் துளை போட்டிருப்பாங்க. மாத்தினா வட்டம் வட்டமா இருக்காது. இஞ்சின் சுத்தாம இறுகிப் பிடிச்சுக்கும்."

"ஓ, கூடப் பிறந்ததா? அப்ப சரி," என்று உடனே விட்டுவிட்டார். நியாயம் என்று பட்டால் பிடிவாதம் பிடிக்காத மனிதர். நியாயம் என்று படாவிட்டால்தான் கஷ்டம்.

மத்தியானத்துக்கு முன்னால் நாலு ராடும் ஒரே எடைக்கு வந்தது. எதை எதிர்த் தட்டில் வைத்தாலும் முள் நட்டநடுவில் நின்றது. மாமனார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது. பாஸ்."

"இன்னும் பாதி வேலை இருக்கு மாமா. முனை முனையா நிறுக்கணும். மொத்த எடை ஒண்ணா இருந்தாலும் ஒரு ராடுல கனம் மேல இருக்கும், இன்னொண்ணுல கீழ இருக்கும். கீழ்முனை கிராங்கோட சுத்தும், மேல்முனை பிஸ்டனோட ஏறி இறங்கும். ரெண்டுக்கும் வேற வேற கணக்கு."

"முழுசாச் சரியா இருக்கிறதை எதுக்குத் துண்டு போட்டு நிறுக்கணும்? ஒரு கிலோ சர்க்கரையை நிறுத்தாச்சுன்னா பொட்டலத்துல மேல எவ்வளவு கீழ எவ்வளவுன்னு யாராவது கேட்பாங்களா?"

மருமகன் வாயைத் திறப்பதற்குள் லேத் பட்டறையிலிருந்து போன் வந்தது. கடையக் கொடுத்திருந்த கிராங்க் தயார், வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள்.

"போயிட்டு வாங்க. நான் இருக்கேன்," என்றார் மாமனார். மருமகன் வாசல் வரை போய், நாலு ராடையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆனாலும் போனார்.

கிராங்கைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தபோது, நாலு ராடும் மேஜையில் துணி விரித்து வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு, கடமை முடித்த நிம்மதியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் ஒரு சின்னச் சுத்தியல். அதன் பக்கத்தில் ஒரு பழைய பன்ச்.

மருமகன் கிராங்கை இறக்கி வைத்தார். குனிந்து பார்த்தார். ஒவ்வொரு ராடின் தண்டிலும், நட்டநடுவில், வட்டத்துக்குள் ஓர் எழுத்தும் வருஷமும் பளிச்சென்று பதிந்திருந்தது.

"மாமா... இது என்ன?"

"முத்திரை."

"ஏன் மாமா?"

"பாஸ் ஆயிடுச்சே. அப்புறம் முத்திரை போடாம எப்படி வெளியே விடறது? நடுவுல முத்திரைக்குன்னே விட்டு வச்ச மாதிரி எவ்வளவு அழகா இடம் இருக்கு பார்த்தீங்களா? ரிட்டயர் ஆகிறப்போ புது பன்ச்செல்லாம் ஒப்படைச்சிட்டேன். இது தேதி செல்லாதது, ஞாபகத்துக்குன்னு கொடுத்தாங்க. மூணாவதுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்திக் குத்தினேன். வெளியாள் இல்லையா, ஒரு கண்டிப்பு வேணும்ல?"

மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடம் கிராங்க் என்று அப்புறம்தான் தெரிந்தது. எழுந்து தரையில் உட்கார்ந்தார்.

ராடின் தண்டுதான் அத்தனை அடியும் வாங்குகிற இடம். அங்கே ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் நாளாவட்டத்தில் அதிலிருந்து விரிசல் ஓடும். ஒரு நாள் வேகமாகப் போகும்போது ராடு இரண்டாக முறிந்து, இஞ்சினைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். அப்போது ஷெட் என்ன, மாமனாரே இருக்க மாட்டார்.

"இதைத் தேய்ச்சு எடுக்கணும் மாமா."

மாமனார் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"எதை?"

"முத்திரையை."

"முத்திரையை அழிக்கிறதா?" குரல் ஏறியது. "மாப்பிள்ளை, முத்திரையை அழிக்கிறது என்ன குத்தம்னு தெரியுமா? அரம் போட்டு முத்திரையைத் தேய்ச்சவங்களைக் கையும் களவுமாப் பிடிச்சு கோர்ட்டுல நிறுத்தியிருக்கேன். என் கண் முன்னாடி, என் மாப்பிள்ளையே?"

"இது எடைக்கல் இல்ல மாமா, ராடு!"

"நிறுத்தாச்சு இல்ல? நிறுத்துப் பாஸ் பண்ணின எதுவா இருந்தாலும் முத்திரை முத்திரைதான். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். முறைப்படி ரத்து பண்ணலாம்."

மருமகனுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "எப்படி மாமா?"

மாமனார் பையில் கையை விட்டு, இன்னொரு பன்ச்சை எடுத்தார். இது முதலாவதை விடத் தடிமன். நுனியில் நட்சத்திரம்.

"பழைய முத்திரை மேலேயே இதை வச்சு ஓங்கி ஒரு அடி. நட்சத்திரம் விழுந்துட்டா ரத்துன்னு அர்த்தம்."

சுத்தியல் மேலே போவதற்குள் மருமகன் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் மாமனார், ஒரு பக்கம் மருமகன், நடுவில் சுத்தியல். மரியாதை குறையாமலே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுங்க மாமா."

"நீங்க விடுங்க மாப்பிள்ளை."

"உங்க கையில பட்டுடும் மாமா."

"அதனாலதான் விடுங்கன்றேன்."

"ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

வாசலில் மனைவியும் மாமியாரும் நின்றிருந்தார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மனைவி தராசை எடுத்துப்போக வந்திருந்தாள். துணைக்கு வந்த மாமியார் வேடிக்கையைப் பார்த்ததும், நின்று பார்க்க வசதியான இடமாகத் தேடிக்கொண்டார்.

மாமனாரும் மருமகனும் ஒரே சமயத்தில் நியாயம் சொன்னார்கள். மனைவி பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேக்குக்கு வாங்கி வந்த சாமான் பையிலிருந்து ஒரு கிரீம் பாக்கெட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இதைக் கிழிங்கப்பா."

"எதுக்கும்மா?"

"கிழிங்களேன்."

மாமனார் பாக்கெட்டின் மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பல்லில் வைத்துக் கடித்தார். வரவில்லை. மாமியார், "வீட்டிலயும் இதே கதைதான்," என்றார்.

"ஓரத்துல குட்டியா ஒரு வெட்டு இருக்கு பாருங்க. அங்க பிடிச்சு இழுங்க."

சர்ரென்று கிழிந்து, கிரீமில் பாதி அவர் சட்டைக்கு வந்தது.

"அந்த வெட்டுதான்பா உங்க முத்திரை," என்றாள் மகள். "இப்ப அது மேல நட்சத்திரம் வேற குத்தப் போறீங்க."

மாமனார் சட்டையைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார். ராடை எடுத்து, தன் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். நட்சத்திர பன்ச்சைத் திரும்பப் பையில் போட்டார்.

"நூறு எடைக்கல் கொண்டாங்க, ஒண்ணுல கூடத் தப்புப் பண்ணியிருக்க மாட்டேன்," என்றார் மெதுவாக. "இது வேற சமாச்சாரமா இருக்கே."

"நானும்தான் மாமா காத்தை நிறுத்துட்டு இருந்தேன்," என்றார் மருமகன்.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முத்திரையை வேற யாரும் அழிக்கக் கூடாது. குத்தின ஆபீசரே அழிச்சா அதுல சட்டம் குறுக்க வராது. அரம் எங்க?"

அரத்தைக் கையில் கொடுத்து, எப்படித் தேய்க்க வேண்டும் என்று மருமகன் காட்டினார். குறுக்கே தேய்க்கக் கூடாது. நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். அப்புறம் உப்புத்தாள், அப்புறம் அதை விட நைசான தாள், கண்ணாடி மாதிரி ஆகும் வரை. மாமனார் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு முத்திரையும் மறைய மறைய அவர் முகத்தைப் பார்க்க மருமகனுக்கே பாவமாக இருந்தது. மூன்றாவதுதான் பாடாய்ப் படுத்தியது. கண்டிப்புக் காட்டிக் குத்தியது ஆழமாகப் போயிருந்தது. "இந்த வெளியாளு சாதாரண ஆளு இல்ல," என்று முனகிக்கொண்டே தேய்த்தார். காகிதத்தில் விழுந்த இரும்புத் தூளையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த தகராறு முனை எடையில் ஆரம்பித்தது. மருமகன் சின்ன வளையத்தை ஒரு கம்பியில் தொங்கவிட்டு, பெரிய வளையத்தை மட்டும் கேக் தராசில் உட்கார வைத்துக் காட்டினார். ஒரே மொத்த எடையுள்ள இரண்டு ராடு வேறு வேறு எண் சொன்னது. மாமனார் நம்பவில்லை. கம்பியில் சூது இருக்கிறது என்றார்.

அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த மாமியார் தொண்டையைச் செருமினார்.

"ஏங்க, நாம வீடு மாத்தினப்ப பீரோ தூக்கினோமே."

"அதுக்கு இப்ப என்ன?"

"மாடியிலிருந்து இறக்கினோம். நீங்க மேல் பக்கம், நான் கீழ் பக்கம். பாத்திரமெல்லாம் கீழ்த் தட்டுல இருந்துச்சு. 'ஒரே பீரோதானே, ஆளுக்குப் பாதி'ன்னீங்க. உங்க பாதியில என்ன இருந்துச்சு?"

மாமனார் கம்பியை ஆராய்வது போல் குனிந்துகொண்டார்.

"உங்க வேட்டி ரெண்டு. எனக்கு இடுப்பு பிடிச்சு எத்தனை நாள் படுத்திருந்தேன்? பீரோ எடை அதேதான். தூக்கினவளுக்குத்தானே தெரியும் எந்த முனையில கனம்னு."

அதற்குப் பிறகு முனை எடையைப் பற்றி அந்த ஷெட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாமனாரே கம்பியைப் பிடித்துக்கொண்டார். மருமகன் கீழ்முனையில் கொஞ்சம், மேல்முனையில் கொஞ்சம் என்று தேய்க்க, நாலு ராடும் தலைக்குத் தலை, காலுக்குக் கால் சமமாக வந்தது. மனைவி ஆர்டருக்கு நேரமாகிறது என்று தராசைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது அதில் ஒரு கறுப்புக் கைரேகை இருந்தது. மருமகன் மாமனாரைக் காட்டினார். மாமனார் மருமகனைக் காட்டினார்.

இஞ்சினைக் கோத்து வண்டியில் ஏற்றிய அன்று நாலு பேரும் ஷெட்டில் கூடினார்கள். மருமகனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பெனி ஒர்க்‌ஷாப்பின் சாப்பாட்டு மணி காதில் கேட்கிற மாதிரி இருந்தது. சாவியை மாமனாரிடம் நீட்டினார்.

மாமனார் ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் ஒரு தடவை கனைத்தது, பிறகு சத்தம் அடங்கியது. மாமனார் காத்திருந்தார். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சாவியை மறுபடி திருப்பினார். கர்ரென்று இரும்போடு இரும்பு அரைத்து, தெருநாய் எழுந்து ஓடியது.

"மாமா, மாமா! ஓடிட்டுத்தான் இருக்கு!"

"ஓடுதா?" மாமனார் சாவியை விட்டார். டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கையை எடுத்து, பானெட்டின் மேல் வைத்துப் பார்க்க இறங்கி வந்தார். இந்த மூலையில் வைத்தார், அந்த மூலையில் வைத்தார்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"நான் சொல்ல முடியாது."

"என்னது?"

"அரம் பிடிச்சது நான். எடை போட்டது நான். நான் கை வச்ச சாமானுக்கு நானே தீர்ப்புச் சொன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க? சர்வீஸ்ல ஒரு தடவை கூட அந்தக் காரியம் பண்ணினதில்ல."

மருமகனுக்கு அழுகை வராத குறை. ஷெட் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டிய ஒரே வாய், நேர்மையால் மூடிக்கொண்டுவிட்டது.

"அப்ப யாருதான்பா சொல்றது?"

"சம்பந்தமில்லாத ஆளா இருக்கணும்," என்று மாமனார் மாமியாரைப் பார்த்தார். "வண்டி மேல பாசமும் இருக்கக் கூடாது."

"என்கிட்ட அது எப்பவும் இருந்ததில்ல," என்றார் மாமியார். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். கதவைச் சாத்தினாலும் கைப்பிடியை விடவில்லை. மாமனார் ஓட்ட, மருமகன் பின்னால் உட்கார்ந்து, மாமியாரின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

முதல் சிக்னல் சிவப்பு. வண்டி நின்றது. மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். விளக்கு மாறியது, வண்டி கிளம்பியது. இரண்டாவது சிக்னலில் மூச்சை விட்டார். மூன்றாவதில் கைப்பிடியை விட்டார். நாலாவதில், பக்கத்தில் பஸ்ஸுக்குக் கூட்டமாக நின்றவர்களைக் கண்ணாடியை இறக்கி நிதானமாகப் பார்த்தார்.

"ரொம்ப நேரமா நிக்கிறாங்க போல, பாவம்," என்றார்.

"அத்தை," என்றார் மருமகன் பின்னாலிருந்து. "எப்படி இருக்கு?"

"வண்டி நடுங்கல மாப்பிள்ளை. ஓட்டுறவருக்குத்தான் கால் கொஞ்சம் நடுங்குது. அதை உங்க ஷெட்டுல பார்ப்பீங்களா?"

"என் காலா?" என்றார் மாமனார்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் ஆடிட்டு இருந்துச்சே. நான் பார்த்துட்டுத்தான் வந்தேன். ஷெட்டு இருக்கட்டும். பச்சை விழுந்தாச்சு, எடுங்க."

மருமகன் சீட்டில் சாய்ந்துகொண்டார். உடம்பில் இருந்த அத்தனை முறுக்கும் ஒரே நேரத்தில் அவிழ்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அவர் விசில் அடித்துக்கொண்டே போய் ஷெட்டைத் திறக்கக் குனிந்தால், பூட்டு ஏற்கனவே திறந்திருந்தது. மனைவியிடம் இருந்த இன்னொரு சாவி இங்கே வந்திருக்கிறது. உள்ளே கூரைக் குழாயில் பித்தளைத் தராசு தொங்கியது. ஃபேன் அணைந்திருந்தது. மாமனார் வெள்ளைச் சட்டைக்கு மேல் பழைய துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, டப்பாவில் கிடந்த நட்டுகளை எடை வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"லேட்டா வர்றீங்களே மாப்பிள்ளை."

"மாமா, நீங்க..."

"வீட்டுல சும்மாதானே இருக்கேன். ஷெட்டுன்னு ஆயிடுச்சு, எடைக்கு ஒரு ஆள் வேணாமா?"

பழைய மேனேஜரின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறதா என்று மருமகன் ஒரு கணம் யோசித்தார். முதல் தடவையாக அந்த யூனிஃபார்மும், சாப்பாட்டு மணியும் அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, "ஸ்டெப்னி மாத்தணும். அஞ்சு நிமிஷ வேலைதானே?" என்றார்.

"தாராளமா," என்று மாமனார் எழுந்தார். "நாலு வீல்லயும் நட்டைக் கழட்டி இந்தத் தட்டுல வைங்க. நிறுத்துப் பார்த்துடலாம்."

வந்தவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் தராசைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் துண்டால் துடைத்து, வந்தவர் பக்கம் நகர்த்தினார்.

"கொஞ்சம் நேரம் ஆகும் சார். உட்காருங்க."